அயல் வீட்டுக் காட்டேரி



பேய்க் கதை ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னவுடன் சிலர் முகம் சுளிக்கக்கூடும். இலக்கியப் பேச்சுக்குரிய நேரத்தில் காட்டேரிக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்கலாம். ஆனால், பேயை இலக்கியத்தின் படியேற விடாமல் தடுத்தவர்கள் நம் முன்னோர் அல்லர். கலிங்கத்துப் பரணி பாடிய சயங்கொண்டார், போர்க்களத்தில் பேய்கள் கூழட்டு உண்ணுவதை விரிவாகப் பாடியிருக்கிறார். காரைக்காலம்மையார் தம்மைப் பேய் என்றே சொல்லிக்கொண்டார். விக்கிரமாதித்தன் கதையில் வரும் வேதாளமோ, முருங்கை மரத்தை விட்டு இறங்கி நம் பழமொழிக்குள்ளேயே குடியேறிவிட்டது. ஆகவே, நல்ல பேய்க் கதை ஒன்றைப் படித்து, அது நமக்கு என்ன சொல்கிறது என்று சிந்திப்பது நம் மரபுக்குப் புறம்பானதன்று.

நாம் எடுத்துக்கொண்ட நூல் அமெரிக்க எழுத்தாளர் கிரேடி ஹென்ட்ரிக்ஸ் எழுதி 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த நாவல். 'தி சதர்ன் புக் கிளப்ஸ் கைடு டு ஸ்லேயிங் வாம்பயர்ஸ்' என்பது அதன் பெயர். தென்னாட்டு வாசகர் கழகத்தார் இரத்தக் காட்டேரிகளை ஒழிப்பதற்கு எழுதிய கையேடு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். தலைப்பைப் பார்த்தால் வேடிக்கைக் கதை போலத் தோன்றும். முதற் சில அத்தியாயங்களில் வேடிக்கையும் நிறையவே இருக்கிறது. போகப் போகச் சிரிப்பு அடங்கிவிடுகிறது.

கதை நிகழும் இடம் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம். அங்குள்ள பழைய துறைமுக நகரமாகிய சார்ல்ஸ்டனுக்கு எதிர்க்கரையில் மவுண்ட் பிளசன்ட் என்ற ஊர் இருக்கிறது. அதன் ஓல்ட் வில்லேஜ் என்னும் பகுதியில், நிழல் தரும் மரங்களும் பசும்புல் முற்றங்களுமாக வசதியுள்ள குடும்பங்கள் வாழ்கின்றன. கணவன்மார் காலையில் வேலைக்குச் சென்றுவிடுவர். மனைவிமார் சமைத்து, துவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டு, அழைத்து வந்து, முதியோரைப் பேணி, அந்தியில் களைத்து உட்காருவர். கதவைத் தாழிடாமல் உறங்கலாம் என்ற நம்பிக்கையே அந்த ஊரின் பெருமை. ஹென்ட்ரிக்ஸ் அப்பகுதியில் வளர்ந்தவர். தம் இளமைக் காலத்துத் தாய்மார்களை எண்ணிப் பார்த்தே இந்நூலை எழுதியதாகவும், பசியைத் தவிர வேறு பொறுப்பே இல்லாத ஒருவனையும், பொறுப்புகளே வாழ்க்கையாகிவிட்ட பெண்களையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்க விரும்பியதாகவும் அவரே முன்னுரையில் கூறுகிறார்.

இரத்தக் காட்டேரி என்ற கற்பனைக்கு மேனாட்டு இலக்கியத்தில் நீண்ட வரலாறு உண்டு. 1819-இல் ஜான் பொலிடோரி எழுதிய கதையில் அவன் ஒரு பிரபுவாக வந்தான். 1872-இல் ஷெரிடன் லெ ஃபானு எழுதிய 'கார்மில்லா'வில், வீட்டில் தங்க வந்த இளம்பெண்ணாக வந்தது அது. 1897-இல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' வெளிவந்தபோது அதன் உருவம் உலகறிந்ததாயிற்று. கிழக்கு ஐரோப்பாவின் மலைநாட்டிலிருந்து ஒருவன் இலண்டனுக்கு அருகே வீடு வாங்குகிறான். ஆங்கிலத்தைப் பிழையறக் கற்கிறான். பிறகு அந்நாட்டாரின் இரத்தத்தைக் குடிக்கிறான். எங்கோ இருந்து வந்த அந்நியன் நம்மிடையே கலந்துவிடுவானோ என்ற அச்சம் அக்காலத்து ஆங்கிலேயருக்கு இருந்தது. அந்த அச்சத்துக்கே ஸ்டோக்கர் பல்லும் நகமும் வைத்தார் என்று திறனாய்வாளர் பலர் கருதுவர்.

இருபதாம் நூற்றாண்டில் காட்டேரி கோட்டையை விட்டுத் தெருவுக்கு வந்தது. 1954-இல் ரிச்சர்டு மேத்தசன் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' நாவலில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துத் தெரு ஒன்றிலுள்ள சாதாரண வீட்டுக்குள் ஒருவன் தனியே அடைபட்டிருக்க, நேற்றுவரை அண்டை வீட்டாராக இருந்தவர்களே காட்டேரிகளாகி இரவில் வாசலில் வந்து கூவுகின்றனர். 1975-இல் ஸ்டீபன் கிங் அதை ஒரு சிற்றூருக்கு அழைத்து வந்தார். சுவீடன் நாட்டின் ஜான் அய்விட லிண்ட்குவிஸ்ட் 2004-இல் எழுதிய நாவலில், ஸ்டாக்ஹோம் புறநகரின் அடுக்குக் குடியிருப்பில், அடுத்த வீட்டுக் குழந்தையின் வடிவில் அது குடிவருகிறது. புறநகர் என்பது பாதுகாப்பு என்ற பெயரில் விற்கப்படும் இடம். அங்கேயே ஆபத்தை வைப்பதில்தான் இக்கதைகளின் வலிமை இருக்கிறது.

இக்கதைகள் பலவற்றுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. வீட்டிலுள்ளவர் யாரேனும் வா என்று அழைத்தாலன்றிக் காட்டேரி வாசற்படியைத் தாண்ட முடியாது. இந்த விதி நமக்குப் புதுமையாகத் தோன்றுகிறது. நம் ஊர்ப் பேய்கள் பெரும்பாலும் சுடுகாட்டிலும் புளிய மரத்திலும் பாழடைந்த கிணற்றிலும் இருப்பவை. நாம்தான் அகாலத்தில் அவற்றின் எல்லைக்குள் போய் அகப்பட்டுக்கொள்வோம். மேனாட்டுக் காட்டேரியோ விருந்தாளி போல வருகிறது. அதற்குக் கதவைத் திறந்துவிடுவது நம்முடைய நல்ல குணமே. விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் வழிவந்தவர்களுக்கு இந்த இடம் உறுத்தாமல் இருக்குமா?

இனிக் கதைக்கு வருவோம். பட்ரீஷியா காம்ப்பெல் என்ற இல்லத்தரசியே இதன் தலைவி. கணவன் கார்ட்டர் மனநல மருத்துவர். வீட்டில் இரண்டு பிள்ளைகளும், நினைவு மங்கிய மாமியாரும் இருக்கிறார்கள். 1988-ஆம் ஆண்டில் கதை தொடங்குகிறது. ஊர்ப் பெண்கள் கூடும் இலக்கியக் கழகம் ஒன்றில், ஆலன் பேட்டன் எழுதிய 'கிரை, தி பிலவட் கன்ட்ரி' என்ற நாவலைப் பற்றிப் பட்ரீஷியா பேச வேண்டும். வீட்டு வேலைகளுக்கிடையே அவள் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மேடையில் நின்று திண்டாடுகிறாள். அதன் பிறகு அவளும் வேறு சில தோழியரும் பிரிந்து வந்து, கொலை வழக்குகளைப் பற்றிய உண்மை வரலாறுகளைப் படிக்கும் தனிக் கழகம் ஒன்றை அமைத்துக்கொள்கின்றனர்.

இந்தத் தொடக்கத்தை வெறும் நகைச்சுவை என்று தள்ளிவிடக் கூடாது. பேட்டனின் நூல் 1948-இல் வெளிவந்தது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக் கொள்கையினர் ஆட்சிக்கு வந்ததும் அவ்வாண்டிலேயே. காணாமற் போன தன் மகனைத் தேடிப் பெருநகரத்துக்கு வரும் ஒரு கறுப்பினப் பாதிரியாரின் துயரத்தைச் சொல்வது அந்நூல். பட்ரீஷியா படிக்காமல் விட்ட புத்தகம் அதுதான். அவள் ஊரிலும் கறுப்பினத்தாரின் பிள்ளைகள் மறையப் போகிறார்கள் என்பதை அறிந்த பின், முதல் அத்தியாயத்தைத் திரும்பிப் பார்க்கும் வாசகனுக்குச் சிரிப்பு வராது.

சில ஆண்டுகள் கழித்து, அயல் வீட்டுக் கிழவி ஆன் சாவேஜின் உறவினன் என்று சொல்லிக்கொண்டு ஜேம்ஸ் ஹாரிஸ் என்பவன் வருகிறான். பார்க்க அழகன், பேச்சில் பணிவு, புத்தகங்களில் ஆர்வம். கண்ணுக்கு வெயில் ஆகாது என்கிறான். கையில் பணம் இருக்கிறது, ஆனால் இன்னான் என்று காட்டும் ஆவணங்கள் இல்லை. பட்ரீஷியா அவனை வங்கிக்கு அழைத்துச் சென்று, கணக்குத் தொடங்க உதவுகிறாள். பிறகு அவனை வீட்டுக்கு அழைக்கிறாள்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, நம் மனம் முதலில் ஜேம்ஸ் ஹாரிஸின் பக்கமே சாய்கிறது. மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ பெங்களூரிலோ வந்திறங்கிய புதிதில், முகவரிச் சான்று இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, வங்கிக் கணக்கு இல்லாமல் வாடகை ஒப்பந்தம் இல்லை, ஒப்பந்தம் இல்லாமல் முகவரிச் சான்று இல்லை என்று சுற்றிச் சுற்றி வந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. யார், எந்த ஊர், என்ன சாப்பிடுவீர்கள், எத்தனை பேர் வருவார்கள் என்று வீட்டுக்காரர் வாசலில் நிறுத்திக் கேட்டதும் நினைவிருக்கும். அப்போது நமக்காக ஒரு வார்த்தை சொல்லிக் கையெழுத்திட்ட அண்டை வீட்டாரை நாம் இன்றும் நன்றியுடன் நினைக்கிறோம். பட்ரீஷியா செய்ததும் அத்தகைய உதவியே. அந்த உதவிதான் அவளுக்கு வினையாகிறது என்றால், இந்நூல் என்ன சொல்ல வருகிறது? புதிதாக வந்தவனை நம்பாதே என்று சொல்கிறதா? அப்படியானால் இது டிராகுலாவின் பழைய பாட்டே அல்லவா? நம்மைப் போன்றவர்களின் முகத்துக்கு எதிரே கதவைச் சாத்தச் சொல்லும் நூலை நாம் ஏன் பாராட்ட வேண்டும்?

மேற்கொண்டு படித்தால் அந்த ஐயம் தெளிகிறது.

ஊரின் எல்லையில் சிக்ஸ் மைல் என்ற பகுதி இருக்கிறது. அங்கு வாழ்வோர் ஏழைக் கறுப்பினத்தார். மவுண்ட் பிளசன்டைச் சுற்றி அத்தகைய குடியிருப்புகள் உண்மையிலேயே உண்டு. 1865-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை நீங்கிய பின், விடுதலை பெற்றவர்கள் நிலம் தேடிக் கூடி வாழ்ந்த இடங்கள் அவை. ஆப்பிரிக்காவிலிருந்து முன்னோர் கொண்டுவந்த கைத்திறனைப் போற்றி, ஒருவகை நறும்புல்லால் கூடை முடைவதில் அம்மக்கள் பெயர் பெற்றவர்கள். புதுப் புதுக் குடியிருப்புகள் பெருகப் பெருக, அவர்களின் நிலத்தை நாற்புறமும் நெருக்கம் சூழ்ந்து வந்திருக்கிறது.

நாவலில் அந்தச் சிக்ஸ் மைலில் குழந்தைகள் வாடி மெலிந்து சாகிறார்கள். காட்டில் யாரோ ஒருவன் இருக்கிறான் என்று அங்குள்ள தாய்மார் பேசிக்கொள்கிறார்கள். போலீசார் அதைப் பொருட்படுத்தவில்லை. பட்ரீஷியாவின் மாமியாரைப் பார்த்துக்கொள்ள வரும் திருமதி கிரீன் என்ற பெண்மணி அங்கேதான் குடியிருக்கிறாள். நடப்பதை முதலில் உணர்ந்தவள் அவள்தான். தன் பிள்ளைகளை ஊரை விட்டே அனுப்பிவிட்டு, அவர்களைப் பிரிந்து உழைக்கிறாள். பிறர் பிள்ளைகளின் வீட்டில் வேலை செய்வதற்காகத் தன் பிள்ளைகளைத் தொலைவில் வைத்திருக்கும் தாய் எப்படிப்பட்டவள் என்பதை நம் நாட்டு நகரங்களில் உள்ள எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

மாமியார் மிஸ் மேரி, ஜேம்ஸ் ஹாரிஸைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்கிறாள். தன் சிறு வயதில், 1928-இல், வேறொரு பெயருடன் அவன் தன் ஊருக்கு வந்திருந்தான் என்கிறாள். அப்போதும் அவன் ஆடவர்களுக்குப் பணத்தாசை காட்டினான். அப்போதும் குழந்தைகளுக்குத் தீங்கு நேர்ந்தது. பழி ஏதுமறியாத ஒரு கறுப்பினத்தவர்மேல் விழுந்தது. ஊரார் அவரைக் கொன்றார்கள். நினைவு தப்பிய கிழவியின் பிதற்றல் என்று வீட்டில் யாரும் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது இருவகை மக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜேம்ஸ் ஹாரிஸ் எங்கிருந்து வந்தான் என்று யாருக்கும் தெரியாது. அவனிடம் ஒரு சான்றும் இல்லை. இருந்தும் அவனை எல்லோரும் நம்புகிறார்கள். அவனுடைய நிறமும் பேச்சும் உடையும் அவ்வூராரை ஒத்தவை. கைநிறையப் பணமும் இருந்தது. திருமதி கிரீன் தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் வாழ்ந்து வருபவள். அவள் சொல்லை யாரும் நம்பவில்லை. ஆகவே, புதியவனை நம்பாதே என்பது இந்நூலின் உபதேசமன்று. வந்தவன் யார் என்று பார்க்காமல், அவன் நம்மைப் போல் இருக்கிறானா என்று மட்டும் பார்க்கும் பழக்கத்தையே அது குற்றம் சொல்கிறது. டிராகுலாவின் ஆசிரியர் அந்நியனைக் கண்டு அஞ்சினார். ஹென்ட்ரிக்ஸோ, அந்நியனாகவே தோன்றாதவனைக் கண்டு அஞ்சச் சொல்கிறார்.

இந்நூலின் நடுப்பகுதியில் வரும் காட்சியே நம்மை மிகவும் வருத்தியது. பட்ரீஷியா உண்மையைத் தன் கண்ணால் கண்டுவிடுகிறாள். தோழியரைத் திரட்டி, போலீசாரிடம் முறையிட ஏற்பாடு செய்கிறாள். ஆனால் கணவன்மார் குறுக்கிடுகிறார்கள். கொலைக் கதைகளைப் படித்துப் படித்துப் பெண்களின் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். ஒரு நல்ல மனிதரின் பெயரைக் கெடுத்துவிட்டீர்கள் என்று கண்டித்து, ஜேம்ஸ் ஹாரிஸிடமே அவர்களை மன்னிப்புக் கேட்க வைக்கிறார்கள். தோழியர் ஒவ்வொருவராகத் தலை குனிந்து பின்வாங்குகிறார்கள். பட்ரீஷியா தனித்து நிற்கிறாள். அவள் கணவனே மனநல மருத்துவன் ஆகையால், அவளுக்குப் பைத்தியம் என்ற பட்டத்தைச் சூட்ட வெளியிலிருந்து ஆள் வரவேண்டிய தேவையும் இல்லை.

இந்தக் காட்சியைப் படிக்கும் தமிழருக்குப் பழையனூர் நீலியின் கதை நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில், பேய்மகள் நீலி, ஒரு வணிகனின் மனைவியைப் போல் உருக்கொண்டு, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, ஊர்ச் சபையின் முன் வந்து நின்று அழுதாள். இவள் என் மனைவி அல்லள், பேய் என்று வணிகன் கதறினான். சபையார் கண்ணீரை நம்பினார்கள், கதறியவனை நம்பவில்லை. அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்று எழுபது வேளாளர் வாக்குக் கொடுத்து, அவனை அவளுடன் ஓர் அறையில் இருக்கச் செய்தனர். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். நீலிக் கண்ணீர் என்ற தொடர் இன்றும் நம் வாயில் வழங்குகிறது.

நீலி கதையும் ஹென்ட்ரிக்ஸின் கதையும் ஓரிடத்தில் ஒன்றாகி, மற்றோரிடத்தில் வெகு தொலைவு பிரிகின்றன. இரண்டிலும் பெரியோர் கூடிய சபை, பேயை நம்பி மனிதரைக் கைவிடுகிறது. ஆனால் பழையனூர் வேளாளர் தம் உயிரைப் பிணையாக வைத்தவர்கள். தீர்ப்புத் தவறிவிட்டது என்று தெரிந்ததும், எழுபதின்மரும் தீ வளர்த்து அதில் இறங்கினார்கள் என்பது வரலாறு. தவறான தீர்ப்பைத் தந்த அவர்களை நாம் இன்றும் வணங்குவது அதனால்தான். ஓல்ட் வில்லேஜின் கணவன்மார் எதைப் பிணை வைத்தார்கள்? எதையும் வைக்கவில்லை. ஜேம்ஸ் ஹாரிஸ் பங்குகொண்ட கிரேசியஸ் கே என்ற புதுக் குடியிருப்புத் திட்டத்தில் அவர்களும் பணம் போட்டிருந்தார்கள். அவன் கெட்டவன் என்றால் அந்தப் பணம் போய்விடும். அவர்கள் தீர்ப்பை எழுதியது அந்தக் கணக்குதான்.

அடுத்த மூன்று ஆண்டுகளில் அக்கணவன்மார் செல்வராகிறார்கள். பெண்கள் அமைத்த வாசகர் கழகத்தில் கணவன்மாரும் ஜேம்ஸ் ஹாரிஸும் சேர்ந்துகொள்கின்றனர். இனி என்ன படிப்பது என்பதையும் அவர்களே தீர்மானிக்கின்றனர். சிக்ஸ் மைல் மக்கள் வாழ்ந்த நிலத்தில் புதிய மாளிகைகள் எழுகின்றன. குழந்தைகளின் இரத்தத்தைக் குடித்தவன் ஒருவன்தான். ஆனால் அந்த இரத்தத்தால் கொழுத்தவர்கள் பலர். காட்டேரி என்ற பழைய கற்பனை இந்த இடத்தில் முழுப் பொருளையும் பெற்றுவிடுகிறது. பிறகு அவன் சிக்ஸ் மைலை விட்டுத் திரும்பி, இவர்களுடைய பிள்ளைகளையே நாடத் தொடங்குகிறான். பக்கத்துத் தெருவில் எரிந்த தீயைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டவர்களின் கூரையில் தீப்பற்றுகிறது.

இக்கதை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். தில்லியை அடுத்த நொய்டாவில், வசதியுள்ளோர் வாழும் வீடுகளை ஒட்டியே நிதாரி என்ற சிற்றூர் இருக்கிறது. பிழைப்புத் தேடி வந்த ஏழைகள் பலர் அங்கே குடியிருந்தனர். அவர்களின் குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமற் போயினர். பெற்றோர் முறையிட்டபோது அக்கறை காட்டப்படவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2006 டிசம்பரில் ஒரு பங்களாவை ஒட்டிய சாக்கடையில் குழந்தைகளின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்ட போதுதான் நாடு திடுக்கிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களை 2023-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2025-இல் உச்ச நீதிமன்றமும் அவ்விடுதலையை உறுதி செய்தது. ஆகவே, யார் செய்தது என்பது பற்றி நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால், அந்தத் தாய் தந்தையர் முதல் நாளிலேயே சொன்ன சொல்லைக் கேட்டிருந்தால் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. நாவலில் திருமதி கிரீன் எழுப்பும் கேள்வியும் அதுவே.

நம் நகரங்களின் பெரிய குடியிருப்புகள் சிலவற்றில் வீட்டு வேலை செய்வோருக்கெனத் தனி மின்தூக்கி இருக்கிறது. வாயிலில் அவர்களின் பையைச் சோதிக்கிறார்கள். காரில் வருபவர் நன்கு உடுத்தியிருந்தால், காவலாளி வணக்கம் சொல்லித் தடுப்பை உயர்த்திவிடுகிறார். எது ஆபத்து, எது ஆபத்தன்று என்று நாம் முடிவு செய்யும் முறை இதுதான். எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது அந்தத் தனி மின்தூக்கியில் ஏறுபவர்களுக்கே முதலில் தெரியும். நம்மில் எத்தனை பேர் அவர்களைக் கேட்கிறோம்? பிற மாநிலத்தில் ஒரு காலத்தில் வாசலில் நிறுத்தப்பட்ட நாமே, வீடு வாங்கிக் குடியேறி, சங்கத்தில் உறுப்பினராகிவிட்ட பின், அடுத்து வருபவரை அதே கேள்விகளால் நிறுத்துகிறோம். இந்த நூல் நம்மைச் சுடுவது இங்கேதான்.

நூலின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கதை பெரும்பாலும் பட்ரீஷியாவின் கண்வழியே சொல்லப்படுகிறது. அதனால் திருமதி கிரீனின் உள்ளம் நமக்கு முழுதும் திறந்து காட்டப்படவில்லை. கறுப்பினத்தாரின் துயரத்தைப் பேசும் கதையில், அவர்கள் பெரும்பாலும் பலியாகுபவர்களாகவோ உதவி செய்பவர்களாகவோ மட்டுமே வருகிறார்கள். ஆன் சாவேஜ் வீட்டில் வேலை செய்த ஃபிரான்சீன் என்ற பெண் காணாமற் போகிறாள்; அவளுக்கு நேர்ந்தது என்ன என்று பின்னர் தெரிகிறது; ஆனால் அவள் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அவளைத் தேடாத ஊரை ஆசிரியர் கண்டிக்கிறார். அவரும் அவளை இன்னும் சற்றுத் தேடியிருக்கலாம். கணவன்மாரில் ஒருவருக்கேனும் மனம் உறுத்தியதாகக் காட்டியிருந்தால், அவர்களின் பிழை இன்னும் ஆழமாக நம் நெஞ்சில் தைத்திருக்கும்.

அருவருப்பான காட்சிகளும் சில இருக்கின்றன. எலிக் கூட்டம் ஒரு வீட்டுக்குள் புகும் பகுதியும், கரப்பான் பூச்சி ஒன்று வரும் பகுதியும் திடமனமுள்ளவர்களையும் புத்தகத்தை மூடி வைக்கச் செய்யும். பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமைகளும் இதில் வருகின்றன. சிறுவர் கையில் கொடுக்கத் தக்க நூலன்று இது. வயது வந்தோரும் இரவுச் சாப்பாட்டுக்கு முன் படிக்காமலிருப்பது நலம்.

இத்தனையையும் மீறி இந்நூல் நம் மனத்தில் நிலைப்பதற்குக் காரணம், அது வீரத்தை வைத்திருக்கும் இடம். டிராகுலாவை வெல்ல மருத்துவரும் பிரபுவும் பேராசிரியரும் புறப்பட்டார்கள். இங்கே புறப்படுபவர்கள் கறை போக்கவும், சமைக்கவும், நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைக்கவும் தெரிந்த பெண்கள். அவர்களிடம் வாளும் இல்லை, மந்திரமும் இல்லை. நாள்தோறும் செய்யும் வேலைகளில் பழகிய கைகளே அவர்களுடைய படைக்கலம். முடிவை நாம் சொல்லப் போவதில்லை. ஆனால் வீட்டு வேலையை இத்தனை மதிப்புடன் நோக்கிய திகில் கதையை நாம் வேறு கண்டதில்லை என்று மட்டும் சொல்லலாம். ஒருமுறை பின்வாங்கிய தோழியர் திரும்பி வருவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. அவ்வளவு தாமதமின்றி வந்திருந்தால் சில உயிர்கள் பிழைத்திருக்கும்.

விருந்தோம்பலை விட்டுவிடும்படி இந்நூல் நம்மைக் கேட்கவில்லை. கதவைத் திறந்தே வைத்திருப்போம். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அதன் அருமை தெரியும். ஆனால் திறக்கும்போது, வந்தவரின் உடையையும் பேச்சையும் பார்ப்பதோடு நின்றுவிட வேண்டாம். அவரால் நமக்கு என்ன லாபம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் அதே வேளையில், அவரால் யாருக்கேனும் நட்டம் நேர்கிறதா என்று விசாரித்துப் பார்ப்போம். நம் வீட்டு வேலைக்கு வரும் அம்மையார் ஒரு நாள் காலையில் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் பக்கத்தில் ஏதோ சரியில்லை அம்மா என்று சொல்லத் தொடங்கினால், கையிலுள்ள வேலையைச் சற்று நிறுத்தி, அவர் சொல்வதை முழுவதும் கேட்போம்.